மாட்டுக்கும் ஒரு மேடு

கேள்வி: புயல், வெள்ளம் வந்த பிறகுதான் வெளிநாடுகள் அரிசியும் போர்வையும் அனுப்புகின்றன. அந்தப் பணத்தை முன்னாடியே செலவழித்தால் என்ன? (வாசகி, கடலூர்)

பதில்: செலவழிக்கத்தான் வேண்டும் அம்மா. வங்கதேசத்தைப் பாருங்கள். 1970 போலா புயலில் குறைந்தது 3 லட்சம் பேர் செத்தார்கள். 2007 சிதர் புயலும் லேசுப்பட்டதல்ல, ஆனால் சாவு சுமார் 3,400. அதுவும் அதிகம்தான், மனசு ஆறவில்லை. இடைப்பட்ட காலத்தில் செம்பிறைச் சங்கமும் (நம்மூர் செஞ்சிலுவைச் சங்கம் மாதிரி) அரசும் சேர்ந்து ஊர் ஊராகத் தொண்டர்களைப் பழக்கியிருந்தன, இன்று அவர்கள் 70,000-க்கும் மேல், பாதிப்பேர் பெண்கள். எச்சரிக்கை வந்ததும் கொடியேற்றிவிட்டு, மெகாபோனோடு வீடு வீடாகப் போய்க் கூப்பிடுகிறார்கள். உலக வங்கி, ஜப்பான் பணத்தில் உயரமான தூண்கள் மேல் புயல் காப்பகங்கள் எழும்பின, மற்ற நாளில் அங்கே பிள்ளைகள் படிக்கிறார்கள். அப்புறம் 'கில்லா' என்று ஆடுமாடுகள் ஏறி நிற்க ஒரு மண்மேடு, எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஏனென்றால் கட்டிய பசுவை விட்டுவிட்டு எந்தக் குடும்பம் சட்டென்று கிளம்பும்?

நீங்கள் சொல்வது போலவே 2020 ஜூலையில் ஐ.நா. செய்தது: வங்கதேசத்தின் ஜமுனா நதி (நம் பிரம்மபுத்திராதான்) வெள்ளம் உச்சத்தைத் தொடும் முன்பே சுமார் 52 லட்சம் டாலரை விடுவித்தது. தண்ணீர் வாசலுக்கு வருமுன் கையில் கொஞ்சம் காசு இருந்தால், ஆட்டை அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டியதில்லை.