சிசிஎன்ஏ தேர்வுக்கு டம்ப் வாங்கலாமா என்று கேட்டவருக்கு

சிஸ்கோவின் நெட்வொர்க் சான்றிதழ் தேர்வான சிசிஎன்ஏ-வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, டம்ப் (கசிந்த தேர்வு வினா-விடைத் தொகுப்பு) வாங்கி மனப்பாடம் செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். மாட்டிக்கொண்டால் சிஸ்கோ மதிப்பெண்ணை ரத்து செய்யும், மறுபடி எழுதவும் தடை போடலாம். அதைவிட எனக்கு நேர்காணல்தான் கவலை. ‘ஓஎஸ்பிஎஃப்-இல் (ரவுட்டர்கள் வழித்தகவலைப் பகிர்ந்துகொள்ளும் நெறிமுறை) இரண்டு ரவுட்டர்களும் தகவல் பரிமாற்றம் தொடங்குவதற்கு முந்தைய எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நிற்கின்றன, முதலில் எதைப் பார்ப்பீர்கள்?’ என்று கேட்டால்? எம்டியூ (ஒரே பாக்கெட்டில் அனுப்பக்கூடிய அதிகபட்ச அளவு) இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்றுதான். கையால் செய்து பழகியவருக்கு அது சட்டென்று வந்துவிடும்.

சிஸ்கோவின் நெட்வொர்க் பயிற்சி மென்பொருளான பாக்கெட் டிரேசர் இலவசம்தான், இன்றைக்கே இறக்கிக்கொள்ளுங்கள். அதில் மூன்று ரவுட்டர்களை ஓஎஸ்பிஎஃப் போட்டு இணையுங்கள். அப்புறம் ஒரு பக்கம் மட்டும் ஹலோ டைமரை (பக்கத்து ரவுட்டருக்கு ஹலோ செய்தி அனுப்பும் இடைவெளியை) மாற்றிவிட்டு, இணைப்பு ஏன் அறுந்தது என்று ‘ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் இன்டர்ஃபேஸ்’ கட்டளை போட்டுத் தேடுங்கள். சப்நெட்டிங் (ஒரு நெட்வொர்க்கைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும்) கணக்கைத் தினமும் தாளில் போடுங்கள். முடிந்தால் தேர்வை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். எங்கே சிக்கினாலும் ரவுட்டரின் கான்ஃபிகை (அமைப்புக் கட்டளைகளை) இங்கே ஒட்டுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.