பல்லுக்குக் கேப் போட்டதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை: மனக்கவலையா, பல் கடி சரியில்லையா?

முதலில் அம்மா சாப்பிட்டு முடித்த இலையைப் பாருங்கள். கவலையில் பசி அற்றுப்போனவர் பால் பணியாரத்தைக்கூடத் தொடமாட்டார். கடி சரியில்லாதவர், அதாவது மேல் கீழ்ப் பற்கள் சரியாகப் பொருந்தாதவர், இடியாப்பம், கும்மாயம் போன்ற மெத்தென்ற பலகாரங்களை ஒழுங்காகச் சாப்பிட்டுவிட்டு சுக்கா வறுவலை மட்டும் ஓரம் கட்டுவார்.

காரைக்குடியில் என் பெரியம்மாவுக்குக் கடைவாயில் கேப் போட்ட பிறகு கடித்துத் தின்ன வேண்டிய சீப்பு சீடையைக் காப்பியில் ஊறவைத்துத் தின்ன ஆரம்பித்தார். வலிக்கிறதா என்றால், "வலியெல்லாம் இல்லப்பா, என்னமோ சாப்பிடப் பிடிக்கல" என்பார். மகளுக்கு வரன் அமையாத கவலை என்று வீட்டில் முடிவே கட்டிவிட்டார்கள். பல் டாக்டர், பல் அழுந்தும் இடத்தில் நிறம் ஒட்டும் நீலத் தாளை வைத்து, "கடிங்க, அப்படியே அரைச்சுக் காட்டுங்க" என்றார். கேப்பின் ஒரு முனையில் மட்டும் அழுத்தமாக நீலம். லேசாகத் தேய்த்துவிட்டார், அவ்வளவுதான்.

பல்லைத் தாடை எலும்போடு பிணைக்கும் சவ்வு, தலைமுடியைவிட மெல்லிய மேட்டையும் உணர்ந்துவிடும். உடனே வாய் தானாகவே மறுபக்கத்துக்கு மாறிக்கொள்ளும். சாப்பிடுகிறவருக்கே அது தெரியாது.

அதற்காகக் கவலைக்குப் பங்கில்லை என்று சொல்லவில்லை. சும்மா இருக்கும்போது மேல் கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். மன அழுத்தத்தில் இருப்பவர் டிவி பார்க்கும்போதுகூடப் பல்லைக் கடித்தபடியே இருப்பதுண்டு. சாப்பாட்டு நேரத்துக்குள் கன்னத் தசை களைத்துப்போயிருக்கும். இது மறுதிசையிலும் நடக்கும்: பல்லில் பூச்சு வைத்துக் கடியை உயர்த்திய எலிகளுக்கு அழுத்த ஹார்மோன் கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அடைபட்டுத் தவிக்கும் எலிக்குக் கடித்து மெல்வதற்கு ஒரு குச்சி கொடுத்தால் அந்த ஹார்மோன் குறைந்தும் இருக்கிறது!

ஒன்றில் மட்டும் உஷார். பல்லைக் கடிக்கும் பழக்கம் பெரும்பாலும் மூளையிலிருந்து வருவது. அதைச் சரிசெய்கிறேன் என்று யாராவது நல்ல பற்களைத் தேய்க்க வந்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள், தேய்த்தது திரும்ப வராது. புதிதாக வைத்த கேப்பையோ அடைப்பையோ சரிசெய்வது வேறு விஷயம். ராத்திரி நறநறவென்று கடித்தால் தூங்கும்போது பற்கள்மேல் மாட்டிக்கொள்ளும் உறை தருவார்கள். அது பல்லைக் காக்கும், பழக்கத்தை நிறுத்தாது.

மெத்தென்ற பலகாரத்தையும் ஒதுக்குகிறார், உடம்பும் இளைக்கிறது என்றால் பொது மருத்துவரிடம் போங்கள். இல்லையென்றால் கேப் போட்ட இடத்துக்கே மறுபடி கூட்டிப்போய்க் கடியைப் பார்க்கச் சொல்லுங்கள். கேப் போட்ட அன்றைக்கு மரத்துப்போன வாயால் சரியாகக் கடித்துக் காட்ட முடியாமல் போயிருக்கலாம்.