வியட்நாமின் ஹோ சி மின் நகரத்தை முதன்முதலாகப் பார்த்தபோது எப்படி இருந்தது? வெறும் கூட்டமும் இரைச்சலும்தான் என்கிறார்களே, உண்மையா?

டிக்கெட் எடுத்துவிட்டீர்கள், அதற்குள் யாரோ பயமுறுத்திவிட்டார்கள் என்று நினைக்கிறேன். உங்கள் கேள்வியின் பின்பாதி அப்படித்தான் ஒலிக்கிறது. "கூட்டமும் இரைச்சலும்" என்பதை என் சொந்தக்காரர்கள் வாயாலேயே கேட்டுச் சலித்துவிட்டதால் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நான் புதுச்சேரிக்காரி. எங்கள் வீட்டில் அந்த ஊருக்கு இன்றும் சைகோன் என்றுதான் பெயர். 1976இல் பெயரை மாற்றிவிட்டார்கள். ஆனாலும் அங்கே இருப்பவர்களே பேச்சில் சைகோன் என்றுதான் சொல்கிறார்கள். என் தாத்தா பிரெஞ்சுக்காரர்கள் காலத்தில் அங்கே சுங்க இலாகாவில் குமாஸ்தா. புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் அப்படி வேலைக்குப் போன குடும்பங்கள் நிறைய. 1954இல் அவர் திரும்பி வந்தார். தெருவில் அவருக்குச் "சைகோன் தாத்தா" என்றே பெயர். பாட்டி நெம் என்ற அந்த ஊர்ச் சுருள் பலகாரத்தைப் பொரித்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளெல்லாம் எங்கள் திண்ணையில் இருப்பார்கள்.

எனவே நான் வெறும் சுற்றுலாப் பயணியாகப் போகவில்லை. அதனால்தான் மிகைப்படுத்துகிறேன் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும்.

2024 ஜனவரிக் கடைசியில் கணவரும் நானும் திருச்சியிலிருந்து நேராகப் போகும் விமானத்தில், ஒரு பயண ஏற்பாட்டாளரின் குழுவோடு போனோம். விமானத்திலிருந்து இறங்குவதற்கு முன்பே அந்த ஏற்பாட்டாளர் மூன்று முறை எச்சரித்தார்: யாரிடமும் பேசாதீர்கள், யாரையும் தொடவிடாதீர்கள், எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள்.

அறையில் பெட்டியை வைத்துவிட்டு, "பென் தான்" என்ற சந்தைக்கு நடந்தோம். லே லோய் சாலையைக் கடக்க வேண்டும். அந்த நகரத்தில் அப்போது 90 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள், 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மோட்டார் சைக்கிள்கள். இந்தக் கணக்கைப் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். படித்தது ஒன்றுக்கும் உதவவில்லை. சந்திர நாட்காட்டிப்படி வரும் அவர்களுடைய புத்தாண்டுக்கு இரண்டு வாரம் இருந்தது. மஞ்சள் பூ மரத்தைத் தொட்டியோடு தூக்கிப் பின் இருக்கையில் கட்டிக்கொண்டு போகிறார்கள். நடுவில் குழந்தையை நிற்க வைத்துக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். வெயிலுக்காகத் தலையிலிருந்து விரல் நுனிவரை மூடிக்கொண்ட பெண்கள், கண் மட்டும் தெரிய, வரிசை வரிசையாக வருகிறார்கள். இடைவெளி வரும் வரும் என்று ஓரத்தில் நின்றேன். கால் மணி நேரம் நின்றிருப்பேன். வரவே இல்லை.

அப்போது என் மணிக்கட்டை ஒரு கை பிடித்தது. எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. கூம்புத் தொப்பி, மறு கையில் விசிறி போல விரித்த லாட்டரிச் சீட்டுகள். சைகோன் தெருக்களில் லாட்டரி விற்பவர்களில் பெரும்பாலோர் வயதானவர்கள், உடல் நலிந்தவர்கள். "டி, டி" என்றார். "போ" என்று பொருளாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த நேரத்தில் என் பாட்டி "வாடி" என்று இழுத்துக்கொண்டு போவது போலத்தான் காதில் விழுந்தது.

அவர் ஓடவும் இல்லை, நிற்கவும் இல்லை. கோவில் பிரகாரத்தில் நடப்பது போல ஒரே சீராக நடந்தார். வண்டிகள் எங்களுக்கு முன்னும் பின்னும் பிரிந்து போயின. ஓட்டுகிறவர்கள் நம் நடையைப் பார்த்து, நாம் அடுத்து எங்கே இருப்போம் என்று கணக்குப் போட்டு விலகுகிறார்கள். நாம் திடீரென்று நின்றாலோ பின்னுக்கு வந்தாலோதான் அந்தக் கணக்குத் தவறும். ஹார்ன் ஒலித்தாலும் அதில் கோபம் இல்லை; "இங்கே இருக்கிறேன்" என்ற அறிவிப்புதான். அதை இரைச்சல் என்பவர்கள் சாலையின் ஓரத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பியவர்கள் என்பது என் எண்ணம்.

மறுபக்கம் சேர்ந்ததும் இரண்டு சீட்டு வாங்கினேன். ஒரு சீட்டு 10,000 டோங், நம் பணத்தில் 35 ரூபாய்க்குள்தான். அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஏற்பாட்டாளர் ஓடிவந்து, "பையைப் பிடியுங்கள் அம்மா!" என்று கத்தி, அந்த அம்மாவை ஈ விரட்டுவது போலக் கையை வீசி விரட்டினார். அவர் என் முகத்தை ஒருமுறை பார்த்துவிட்டுப் போய்விட்டார். மீதிச் சில்லறையை என் உள்ளங்கையில் அழுத்திவிட்டுத்தான் போனார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் உறுத்துகிறது.

"அங்கே திருடர்களே இல்லையா?" என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்து கைப்பேசியைப் பறித்துக்கொண்டு போவது அங்கே நடப்பதுதான். சாலை ஓரத்தில் நின்று படம் எடுக்காதீர்கள். 20,000 டோங் நோட்டும் 5,00,000 டோங் நோட்டும் இரண்டுமே நீலம், பிரித்து வையுங்கள். எச்சரிக்கை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எழுபது வயதுக் கிழவியை விரட்டுவதற்குப் பெயர் எச்சரிக்கை அல்ல.

சாப்பாட்டைப் பற்றிச் சுருக்கமாக. நெம் வேண்டும் என்று கேட்காதீர்கள். வியட்நாமின் தெற்கே அந்தப் பெயர் பன்றி இறைச்சிப் பண்டத்துக்கு. நம் புதுச்சேரி நெம்மை அங்கே "சா யோ" என்கிறார்கள். காபி, கோப்பையின் தலையில் சின்ன ஃபில்டரை உட்கார வைத்து, கெட்டிப் பாலின் மேல் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. டிகாக்ஷன் இறங்கக் காத்திருந்து பழகிய நமக்கு அந்த ஊரில் அந்நியமே இல்லை.

சந்தையிலிருந்து சில நிமிட நடையில் ட்ருவாங் டின் தெருவில் மாரியம்மன் கோவில். ஊதுவத்தி கொளுத்துகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர்கள். கருவறைக்குப் பின்புறச் சுவரில் நெற்றியை அழுத்தி வேண்டிக்கொள்கிறார்கள். நானும் அப்படியே செய்தேன்.

கேட்காததைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்குத் தாத்தா சைகோனிலிருந்து எழுதிய கடிதங்கள் ஒரு தகரப் பெட்டி நிறைய இருந்தன. உறையின் பின்னால் அவருடைய முகவரி, கத்தினா வீதி என்று, வீட்டு எண்ணோடு இருக்கும். சிறுமியாக அதை நான் எழுத்துக்கூட்டிப் படித்திருக்கிறேன். எண் நினைவில் இல்லை. வீட்டைப் பாகம் பிரித்தபோது சித்தப்பா அந்தப் பெட்டியைக் காலி செய்து காகிதங்களைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டுவிட்டார். பெட்டி அவருக்குத் தேவைப்பட்டதாம். பத்து ஆண்டுகளாகியும் அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. குடும்பத்தில் இதைப் படிப்பவர்கள் அவரிடம் சொன்னாலும் சொல்லட்டும்.

கத்தினா வீதிக்கு இப்போது டோங் கோய் வீதி என்று பெயர். சாரம் கட்டி மூடியிருந்த மாதா கோவில் பக்கம் தொடங்கி ஆற்றங்கரையில் முடிகிறது. ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கடைசி நாள், குழு கடைக்குப் போன நேரத்தில் நான் அங்கே போனேன். எண் தெரியாமல் எந்த வாசலில் நிற்பது? ஒரு பக்கம் கீழே நடந்தேன், ஆற்றங்கரையில் சாலையைக் கடந்தேன், மறுபக்கம் மேலே நடந்தேன். ஏற்பாட்டாளர் கைப்பேசியில் கூப்பிடும்வரை கதவு எண்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போனேன்.