அடுப்படிக்கும் ஒரு சாயங்காலம் வேண்டும்

வாசகியர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பாரத்தைச் சொல்கின்றன: வீட்டுவேலை செய்துகொண்டே இருக்கிறோம், அதில் முன்பிருந்த சமாதானமும் சந்தோஷமும் எங்கே போயின? ஐந்து கடிதங்களுக்கு இங்கே பதில் தருகிறோம். பெயர்களை வெளியிடவில்லை.

எனக்கு வயது 34. பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவன் நான்காம் வகுப்பு, சின்னவள் எல்.கே.ஜி. பள்ளி ஆசிரியை வேலையை நானே விரும்பித்தான் விட்டேன். இப்போது காலை ஐந்து மணிக்கு அடுப்பைப் பற்றவைத்தால், இரவு பத்தரைக்கும் ஏதோ ஒரு பாத்திரம் தொட்டியில் கிடக்கிறது. பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். நாலரைக்கு எழுந்து ஜெபிக்கத் தீர்மானம் எடுத்தேன். நான்கு நாள்கூடத் தாண்டவில்லை. குற்ற உணர்வு வாட்டுகிறது.
– பாளையங்கோட்டை வாசகி

சகோதரி, பள்ளியில் நாலு மணிக்கு மணி அடித்தது. நோட்டுகள் திருத்தாமல் கிடந்தாலும் அன்றைய பள்ளி முடிந்தது. வீட்டில் அந்த மணியை அடிக்க ஆளில்லை. நீங்கள் சோம்பேறியும் இல்லை, உங்கள் விசுவாசம் குறைந்துபோகவும் இல்லை. 2019-இல் மத்திய அரசு எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், வீட்டுவேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளில் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிடுவது தெரியவந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேர வேலை அது. ஆனால் நாள் முழுக்கச் சிதறிக் கிடப்பதால் பதினேழு மணி நேரமாகத் தெரிகிறது.

ஆதியாகமம் முதல் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு ஒருமுறை வாசியுங்கள். முதல் நாள் முடிந்தபோது சூரியன் இல்லை, உலர்ந்த தரை இல்லை, ஒரு புல்கூட முளைக்கவில்லை. ஆனாலும் தேவன் வெளிச்சத்தை நல்லது என்று கண்டார். சாயங்காலமும் விடியற்காலமுமாகி முதலாம் நாள் ஆயிற்று. பாக்கி இருந்ததால் அந்த நாள் நீண்டுவிடவில்லை. உங்கள் அடுப்படிக்கும் அப்படி ஒரு சாயங்காலத்தை நீங்களே வைக்க வேண்டும்.

முதலில் மூன்று நாள், செய்கிற ஒவ்வொரு வேலையையும் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதுங்கள். பிறகு பிரியுங்கள். தினமும் செய்தே ஆகவேண்டியவை ஐந்துதான்: குடிதண்ணீர், சமையல், பாத்திரம், துணி, குப்பை. குளியலறை கழுவுவது, ஃபிரிட்ஜ் துடைப்பது, படுக்கை விரிப்பு மாற்றுவது போன்றவற்றுக்கு வாரத்தில் ஒவ்வொரு கிழமை குறியுங்கள். செவ்வாய்க்கிழமைக்கு உரிய வேலையைத் திங்கட்கிழமை பார்த்தால், ‘அது நாளைக்கு’ என்று மனசார விட்டுவிடலாம். மனசை அரிப்பதே நாள் குறிக்காமல் கிடக்கிற வேலைதான்.

அடுத்தது, அடுப்படியை அடைக்கும் நேரம். இரவு எட்டே முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுக்குள் சாப்பிட்டு முடிக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பையன் தன் தட்டையும் தம்ளரையும் தானே கழுவட்டும். பாத்திரம் முடிந்ததும், ஆறிய அடுப்பை வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்த துணியால் துடையுங்கள். பர்னர் துளைகளைக் கட்டாயம் பாருங்கள். பொங்கி வழிந்த பால் காய்ந்து அடைத்திருந்தால் காலையில் நெருப்பு நீலமாக எரியாமல் மஞ்சளாக எரியும், பாத்திரத்தின் அடி கரியாகும், தேய்க்கிற வேலை இரட்டிக்கும். மறுநாள் காயை நறுக்கி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். அரிசியை அளந்து வையுங்கள். துணியை அலசி விரித்துப் போட்டு விளக்கை அணையுங்கள். எல்லாம் சேர்த்து இருபத்தைந்து நிமிடம். ஒன்பதரைக்கு யாராவது டீ கேட்பார்கள் என்றால், எட்டரைக்கே போட்டு ஃபிளாஸ்கில் ஊற்றிவிடுங்கள்.

இது பெரும்பாலும் முதல் வாரத்திலேயே கெட்டுப்போகும். காரணம், இரவுச் சாப்பாடு மெள்ள ஒன்பதரைக்கு நழுவுவது. அப்போது அடைக்கும் நேரத்தைத் தள்ளாதீர்கள், சாப்பாட்டை முன்னால் இழுங்கள்.

நாலரை மணி ஜெபம் ஏன் நிற்கவில்லை? பதினொன்றுக்குப் படுத்த உடம்பு நாலரைக்கு எழ மறுத்தது, அவ்வளவுதான். பத்து மணிக்குத் தூங்கிப் பழகிய பிறகு ஐந்து ஐந்து நிமிடமாக முன்னால் எழுந்து பாருங்கள். அதுவரை குக்கர் உங்களுக்கு உதவும். அடுப்பை அணைத்த பிறகு ஆவி தானாக அடங்கப் பத்து நிமிடம்வரை ஆகும். அந்த நேரத்தில்தான் நாம் இன்னும் மூன்று வேலையை இழுத்துப் போட்டுக்கொள்கிறோம். ஒரு முக்காலியை அங்கேயே போடுங்கள். ஒரு சங்கீதத்தை அட்டையில் எழுதி அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டி, உட்கார்ந்து வாசியுங்கள். 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸ் மடம் ஒன்றில் சமையல்காரராக இருந்த சகோதரர் லாரன்ஸுக்குச் சமையலறை வேலை இயல்பிலேயே பிடிக்காது. ஆனால் தேவசமுகத்தில் நடப்பதைப் பழகியது அந்த அடுப்படியில்தான். பிடிக்காத வேலை என்பதே தேவனுக்குத் தூரமான இடம் என்று ஆகிவிடாது.

ஞாயிற்றுக்கிழமை வந்தாலே பயமாக இருக்கிறது. எட்டரைக்கு ஆராதனை, பதினொன்றுக்கு வீடு, பன்னிரண்டரைக்கு ஆட்டுக்கறிச் சாப்பாடு. கூடவே யாராவது விருந்தாளி. பிரசங்கம் கேட்கும்போதே கறி வேகுமா என்ற நினைப்புதான். ஓய்வுநாள் எனக்கு மட்டும் இல்லையா?
– நாகர்கோவில் வாசகி

உங்களுக்கும் உண்டு. ஆறு பேருக்கு ஒரு கிலோ கறி என்று வைத்துச் சொல்கிறோம்.

சனிக்கிழமை மாலை கறியைக் கழுவி, தண்ணீரை நன்றாக வடியவிடுங்கள். மஞ்சள்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, கெட்டித் தயிர் நாலு மேசைக்கரண்டி போட்டுப் பிசறி, மூடி ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வையுங்கள். மேல்தட்டில் வைத்தால் கறித் தண்ணீர் மற்றச் சாப்பாட்டில் சொட்டும். மல்லி நாலு மேசைக்கரண்டி, மிளகாய் வத்தல் பத்து, மிளகும் சீரகமும் ஒவ்வொரு தேக்கரண்டி எடுத்து வறுத்துப் பொடித்து வையுங்கள். சின்ன வெங்காயம் கால் கிலோ உரித்து வைக்க வேண்டும். கறி வாங்குவதையும் வெங்காயம் உரிப்பதையும் வீட்டு ஆண்கள் ஏற்றுக்கொள்ளட்டும். தேங்காய் அரை மூடியைத் துருவி, அரைக்காமல் ஃபிரீசரில் வையுங்கள்.

ஞாயிறு காலை ஏழேகாலுக்கு வெங்காயம் வதக்கி, கறியும் பொடியும் போட்டுப் புரட்டி, ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி குக்கரில் ஆறு விசில். முற்றிய கறியானால் எட்டு. கோயிலுக்குப் புறப்படும்போது அணைத்துவிட்டு, மூடியைத் திறக்காமல் போங்கள். வெந்துவிட்டதா என்று திறந்து கரண்டி போட்டு, அப்படியே விட்டுவிட்டுப் போனால்தான் கெட வாய்ப்பு. திரும்பி வந்ததும் அரிசியை ஏற்றிவிட்டு, தேங்காயை அரைத் தேக்கரண்டி பெருஞ்சீரகத்தோடு அரைத்துக் குழம்பில் ஊற்றி, தளதளவென்று எட்டு நிமிடம் கொதிக்கவிடுங்கள். பன்னிரண்டுக்குச் சோறும் குழம்பும் இருக்கும். நேரம் மிச்சம் என்று தேங்காயைக் காலையிலேயே ஊற்றக்கூடாது. குக்கரில் அடிபிடிக்கும்; மத்தியானத்துக்குள் புளித்தும் போகும்.

பொரியல், ரசம் இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை விட்டுவிடுங்கள். தயிர் வெங்காயம் போதும். விருந்தாளி வந்தால் இன்னொரு கறி வைக்க ஓடாமல், அதே குழம்புக்கு நாலு முட்டை அவித்துப் போடுங்கள்.

மார்த்தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை. லூக்கா 10-இல், பணிவிடையில் தன் சகோதரி மரியாள் உதவாமல் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்திருப்பதாக அவள் அவரிடமே முறையிட்டாள். ஆண்டவர் கண்டித்தது அவள் கவலைப்பட்டுக் கலங்கியதைத்தான். யோவான் 12:2-இல் பெத்தானியாவில் மறுபடியும் இராவிருந்து நடக்கிறது. அங்கேயும் மார்த்தாள் பணிவிடை செய்கிறாள். இந்த முறை கண்டிப்பு இல்லை. அதே பெண்தான் அதே பணிவிடையைச் செய்கிறாள், மரியாளைப் பற்றிய முறையீடு மட்டும் அவள் வாயில் இல்லை.

அன்னையர் தினத்தில் வருஷந்தவறாமல் நீதிமொழிகள் 31. இருட்டோடே எழுகிறாள், இரவிலும் விளக்கு அணையாது. கேட்கக் கேட்க நான் ஒன்றுக்கும் உதவாதவள் என்றுதான் தோன்றுகிறது.
– கோயம்புத்தூர் வாசகி

அந்தப் பகுதியை ஒரு நாளின் கால அட்டவணையாக வாசிப்பதால் வருகிற வேதனை இது. 10 முதல் 31 வரை 22 வசனங்கள்; எபிரெயுவில் 22 எழுத்துகள்; ஒவ்வொரு வசனமும் அகரவரிசையில் அடுத்தடுத்த எழுத்தில் தொடங்குகிறது. நிலம் வாங்குவதும் திராட்சத்தோட்டம் நாட்டுவதும் ஒரே வாரத்தில் நடப்பவை அல்ல; ஒரு வாழ்நாளைத் திரட்டிப் பாடிய புகழ்ப்பாட்டு அது. 15-ஆம் வசனத்தையும் நின்று வாசியுங்கள்: அவளுக்கு வேலைக்காரிகள் இருந்தார்கள். இன்னொன்று, முதல் வசனத்தின்படி இந்த அதிகாரம் ஒரு தாய் தன் மகனாகிய ராஜாவுக்குச் சொன்ன போதனையாகத் தொடங்குகிறது. மனைவியை எப்படி மதித்துப் புகழவேண்டும் என்று ஆண்பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க ஏற்ற பகுதி இது. அடுத்த வருஷம் அந்தக் கோணத்தில் பேசும்படி உங்கள் போதகரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

குழந்தைக்கு ஐந்து மாதம். ஒரு மாதத்துக்கு மேலாக எதிலும் மனம் ஒட்டவில்லை. காரணமில்லாமல் அழுகை வருகிறது. குழந்தை தூங்கினாலும் எனக்குத் தூக்கம் இல்லை. ‘ஜெபம் குறைந்துபோச்சு’ என்கிறார்கள் சபையில்.
– தூத்துக்குடி வாசகி

மகளே, இதற்கு முதலில் டாக்டர். பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு ஒரு நோய், சிகிச்சையில் குணமாகும். அழுகையும் ஆர்வமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலே போகவேண்டும். நீங்கள் ஒரு மாதம் தாண்டிவிட்டீர்கள். பிரசவம் பார்த்த மருத்துவரிடமே தொடங்கலாம். இரத்தசோகை, தைராய்டு இரண்டுக்கும் பரிசோதனை கேளுங்கள். இரண்டுமே பிரசவத்துக்குப் பின் ஆளைச் சோர்த்துப் போடும். வெளியே போக முடியாத நாளில் 14416-க்கு அழையுங்கள். அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், இரவிலும் எடுப்பார்கள். உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் ஒருமுறை வந்தாலும் தனியே இருக்காதீர்கள். வீட்டில் ஒருவரிடம் உடனே சொல்லி, அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரவில் ஒரே மூச்சாக நாலைந்து மணி நேரமாவது நீங்கள் படுக்கவேண்டும். ஒரு வேளைப் பாலைப் பிழிந்து சுத்தமான மூடிய பாத்திரத்தில் ஃபிரிட்ஜில் வைத்தால், அந்த ஒரு வேளையை உங்கள் கணவர் ஊட்டலாம். பாத்திரத்தை வெந்நீரில் வைத்துச் சூடாக்க வேண்டும், நேரடியாக அடுப்பில் அல்ல.

சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்துவிட்ட எலியா தீர்க்கதரிசியிடம் தேவதூதன் என்ன செய்தான் என்று 1 இராஜாக்கள் 19-இல் பாருங்கள். தட்டி எழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். எலியா மறுபடி தூங்கினான்; மறுபடி எழுப்பிக் கொடுத்தான். ஜெபம் குறைந்துபோயிற்று என்று சொல்லவில்லை. சபைச் சகோதரிகளுக்கு எங்கள் வேண்டுகோள்: இந்த மகளின் வீட்டுக்குப் போகிறவர்கள் அறிவுரையோடு போகாமல் ஒரு தூக்குச் சோறோடு போங்கள், இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணவர் நல்லவர். ஆனால் காய்கறிப் பணத்துக்கும் கணக்குக் கேட்டு, ‘நீ சம்பாதிக்கலையே’ என்கிறார். அந்த வார்த்தைக்குப் பிறகு எந்த வேலையிலும் சந்தோஷம் இல்லை.
– மதுரை வாசகி

அந்த வார்த்தை தவறானது என்று அவருக்கு அமைதியாகச் சொல்லவேண்டும், கோபமான நேரத்தில் அல்ல, மாதச் சம்பளம் வந்த மறுநாள். ஒரு நோட்டில் மூன்று தலைப்பு போதும்: வீட்டுச் செலவு, காணிக்கையும் சேமிப்பும், உங்கள் கைச்செலவு. மூன்றாவது சிறு தொகையாக இருந்தாலும் அதற்குக் கணக்குக் கேட்பதில்லை என்று இருவரும் ஒத்துக்கொள்ளுங்கள். நீதிமொழிகள் 31-இன் கடைசி வசனம், அவள் கைகளின் பலனை அவளுக்குக் கொடுக்கும்படி சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றமும் 2023 ஜூனில் அளித்த ஒரு தீர்ப்பில், கணவர் வாங்கிய சொத்தில் மனைவியின் வீட்டுவேலையும் பங்களிப்பே, அவளுக்கும் சமபங்கு உண்டு என்றது. சண்டைக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் உழைப்பை நீங்களே குறைத்து எண்ணாமல் இருக்கச் சொல்கிறோம்.

இந்தப் பேச்சைத் தொடங்கக் குடும்ப ஜெபத்தைப் பயன்படுத்தாதீர்கள். கணவருக்குக் கேட்கட்டும் என்று ஆண்டவரிடம் முறையிடுவதும், பிள்ளைகளின் குறும்பை ஜெபத்திலேயே பட்டியல் போடுவதும் நம் வீடுகளில் உண்டு. அந்த ஜெபத்துக்கு அடுத்த நாள் யாரும் விரும்பி வரமாட்டார்கள். இரவுச் சாப்பாட்டுக்கு முன், ஏழரைக்கு, பன்னிரண்டு நிமிடம்: ஒரு கீர்த்தனையில் இரண்டு சரணம், ஒரு சங்கீதம், இரண்டு பேர் ஜெபம். 119-ஆம் சங்கீதத்தை மட்டும் எட்டெட்டு வசனமாக 22 நாளுக்குப் பிரித்தால், சங்கீதப் புத்தகம் முழுவதும் 171 நாளில் முடியும். பிள்ளை நடுவில் தூங்கிவிட்டால் எழுப்பவேண்டாம், மடியிலேயே கிடக்கட்டும்.