ஷெரீஃபே சாவுக்குக் காரணம் எழுதலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவின் சான் வாக்கீன் கவுன்ட்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) வசிக்கிறேன். இங்கே சந்தேக மரணங்களை விசாரிக்கும் பொறுப்பைக் கவுன்ட்டியின் போலீஸ் தலைவரான ஷெரீஃபிடமிருந்து பிடுங்கி, சம்பளத்துக்கு வைத்த டாக்டரிடம் கொடுத்துவிட்டார்கள். ஷெரீஃப் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர். டாக்டருக்கு யார் ஓட்டுப் போட்டார்கள்? தனி அலுவலகம், தனிச் செலவு வேறு. இது என்ன ஜனநாயகம்?
– ஒரு வாசகர், மவுண்டன் ஹவுஸ்

பதில்: பிடுங்கியதற்கு என்ன காரணம் என்பதை விட்டுவிட்டீர்களே!

2017 கடைசியில் உங்கள் கவுன்ட்டியில் இரண்டு பிரேதப் பரிசோதனை டாக்டர்கள் அடுத்தடுத்து ராஜினாமா செய்தார்கள். அதில் ஒருவர் பென்னட் ஒமாலு. அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்குத் தலையில் அடி விழுந்து விழுந்தே மூளை சிதைகிறது என்பதை 2002இல் ஒரு வீரரின் பிரேதப் பரிசோதனை மூலம் வெளிக்கொண்டுவந்து, அந்த விளையாட்டின் பெரிய தலைகளையே பகைத்துக்கொண்டவர். போலீஸ் பிடியில் இறந்தவர்கள் விஷயத்தில் 'பிறர் செயலால் நேர்ந்த மரணம்' என்று தான் சொன்னதை ஷெரீஃப் 'விபத்து' என்று மாற்றினார் என்பது அவருடைய புகார். ஷெரீஃப் மறுத்தார். யார் சொன்னது உண்மை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அப்படி மாற்றும் அதிகாரம் அந்த நாற்காலிக்கு இருந்தது. எனக்கு உறுத்துவது அதுதான்.

கலிஃபோர்னியாவின் 58 கவுன்ட்டிகளில் அப்போது ஏறக்குறைய 50இல் ஷெரீஃப்தான் கொரோனரும், அதாவது சந்தேக மரணங்களை விசாரிக்கும் அதிகாரியும். எதனால் உயிர் போனது என்று டாக்டர் அறுத்துப் பார்த்துச் சொல்வார். அது இயற்கையா, விபத்தா, தற்கொலையா, பிறர் செயலா என்று மரணச் சான்றிதழில் உள்ள கட்டத்தை நிரப்புவது கொரோனர். அவர் மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. ஜெயிலை நடத்துபவர் ஷெரீஃப், கைது செய்யும் போலீசாரில் பலரும் அவருடைய ஆட்கள். அந்த ஜெயிலில் ஒருவர் செத்தால் கட்டத்தை நிரப்புவதும் அவரே!

ஓட்டு என்கிறீர்கள். அந்த ஷெரீஃப் 2018 ஜூன் தேர்தலில் தோற்றார், உண்மை. ஆனால் அதற்கு முன்பே டாக்டர்கள் போய்விட்டார்கள். ஏப்ரலிலேயே கவுன்ட்டி மேற்பார்வையாளர் குழு, கொரோனர் வேலையைப் பிரித்துத் தனி மருத்துவப் பரிசோதகர் அலுவலகம் அமைக்க முடிவு செய்தது. அவர்களும் நீங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள்தான்.

இது புதுப் பைத்தியமும் இல்லை. மாசசூசெட்ஸ் 1877இலேயே கொரோனரைக் கழற்றிவிட்டது. கொரோனர் முறையை ஒழிக்கச் சொல்லி அமெரிக்க அறிவியல் அமைப்புகள் 1928இலும் 2009இலும் அறிக்கை கொடுத்தன. ஆனால் கலிஃபோர்னியாவின் பெரிய கவுன்ட்டிகளில் இந்தப் பிரிப்பைக் கட்டாயமாக்க வந்த மசோதாவை 2018இல் ஆளுநர் ஜெர்ரி பிரவுன் ரத்து செய்தார். கவுன்ட்டிகளே முடிவு செய்யட்டும் என்றார். அதே நோக்கத்தோடு 2022இல் வந்த மசோதா மாநில செனட்டைத் தாண்டவில்லை. ஷெரீஃப்கள் சங்கம் சும்மா இருக்குமா?

செலவு விஷயத்தில் உங்களோடு பாதி ஒத்துப்போகிறேன். பிரேதப் பரிசோதனை நிபுணர்கள் அமெரிக்கா முழுவதும் பற்றாக்குறை. ஆல்பைன் மாதிரி ஆயிரத்துச் சொச்சம் பேர் வாழும் கவுன்ட்டி தனியாக ஒருவரை வைத்துக் கட்டுப்படியாகாது. நாலைந்து கவுன்ட்டிகள் சேர்ந்து ஓர் அலுவலகம் வைத்துக்கொள்ளலாம். சான் வாக்கீன் அப்படிச் சின்ன இடமா என்ன?

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். பெயர்ப்பலகை மாறினால் போதாது. இந்தியாவில் காவலில் மரணம் என்றால் ஜுடிஷியல் மாஜிஸ்திரேட்தான் விசாரிக்க வேண்டும் என்று 2006 முதல் சட்டம். 2020இல் சாத்தான்குளத்தில் விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட், நிலையத்துப் போலீசார் ஒத்துழைக்கவில்லை என்று உயர் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியதாயிற்று. நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் வேலை நகர்ந்தது. சம்பவ இடமும் ஆவணமும் போலீஸ் கையில் இருக்கும்வரை, டாக்டரோ மாஜிஸ்திரேட்டோ அவர்கள் காட்டுவதைத்தான் பார்க்க முடியும்.

இன்னொரு சிக்கல். ஜெயில் மரணத்துக்கு வழக்கு வந்து நஷ்ட ஈடு கொடுக்க நேர்ந்தால் கவுன்ட்டி கஜானாவிலும் கை வைக்க வேண்டிவரும். ஆக, டாக்டரை நியமிக்கும் கவுன்ட்டிக்கும் 'விபத்து' என்ற சொல் இனிக்கும். அடுத்த மேற்பார்வையாளர் கூட்டத்துக்குப் போனால், டாக்டருக்கு யார் ஓட்டுப் போட்டார்கள் என்று கேட்காதீர்கள். அவரை வேலையை விட்டு அனுப்ப யாரால் முடியும், என்ன காரணம் சொல்லி அனுப்ப முடியும், அவருடைய அறிக்கை எத்தனை நாளில் குடும்பத்தின் கைக்கு வரும் என்று கேளுங்கள்.