இரவு லொறியில் போகும் போஞ்சி ஏன் சுடுகிறது?

கேள்வி: ஐயா, கந்தப்பளையில் அரை ஏக்கரில் போஞ்சி வைத்திருக்கிறேன். பகலில் ஆய்ந்து, சாக்கில் இறுக்கிக் கட்டி, வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்து, இரவு லொறியில் தம்புள்ளைக்கு அனுப்புகிறேன். விடியற்காலையில் அவிழ்த்தால் சாக்கின் நடுப்பகுதி சுடுகிறது. காய் மஞ்சளடித்துவிடுகிறது, சில நாள் கள்ளு வாடையும் வருகிறது. வியாபாரி கிலோக் கணக்கில் கழிக்கிறார். குளிரிலே போகிற சரக்குக்குச் சூடு எங்கிருந்து வருகிறது?

பதில்: காயிலிருந்தேதான் வருகிறது. ஆய்ந்த போஞ்சிக்கு உயிர் போய்விடுவதில்லை. கொடி கொடுத்த சாப்பாடும் தண்ணீரும் நின்றுவிட்டன, மூச்சு நிற்கவில்லை.

உங்கள் வீட்டில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் இருந்தால் அவர்களுக்கு இது புதிதல்ல. சாக்கில் அமுக்கி நிறைத்த கொழுந்து மடுவத்தில் நிறுவைக்குக் காத்துக் கிடக்கும்போது, உள்ளே கைவிட்டால் வெதுவெதுவென்றிருக்கும். இன்னும் தாமதித்தால் இலை சிவந்துவிடும். உங்கள் போஞ்சிச் சாக்கில் நடப்பதும் அதுவே.

காயின் ஒவ்வொரு கலத்துக்குள்ளும் இழைமணிகள் என்ற, சக்தி தரும் நுண்ணிய உறுப்புகள் உண்டு. கலத்திலுள்ள குளுக்கோசு என்ற சர்க்கரை முதலில் கலத்தை நிரப்பியிருக்கும் கூழான குழியவுருவில் இரண்டாக உடைகிறது. அந்தத் துண்டுகள் இழைமணிக்குள் போய்ப் படிப்படியாகச் சிதைகின்றன. கடைசியில் ஒட்சிசன் செலவாகி, காபனீரொட்சைட்டும் நீரும் மிஞ்சுகின்றன. அடுப்பில் விறகு எரிவதும் முடிவில் இதே கணக்குத்தான். 1780களில் பிரான்சில் லவோசியர், லாப்லாசு என்ற இரு விஞ்ஞானிகள் ஒரு கினிப்பன்றியைப் பனிக்கட்டி சூழ்ந்த பாத்திரத்தில் வைத்து, எவ்வளவு பனி உருகுகிறது என்று அளந்தார்கள். சுவாசம் என்பது மெதுவாக எரிதல் என்று அவர்கள் கண்டது அப்படித்தான். அடுப்பு தன் சக்தியை ஒரேயடியாகக் கொட்டிவிடுகிறது. கலமோ அதைச் சில்லறையாக மாற்றி ஏ.ரி.பி. என்ற மூலக்கூறுகளில் சேமிக்கிறது. ஒரு குளுக்கோசுக்குச் சுமார் 30 ஏ.ரி.பி. கிடைக்கும். ஆனாலும் பாதிக்கு மேற்பட்ட சக்தி வெப்பமாகவே வெளியேறுகிறது. நம் உடம்பின் சூடும் இதுதான்.

இனி உங்கள் சாக்குக்கு வருவோம். 20 பாகை செல்சியசில் ஒரு கிலோ போஞ்சி மணிக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் காபனீரொட்சைட்டை விடுகிறது. அதோடு வரும் வெப்பம் வெளியேற வழியில்லையென்றால், மணிக்குக் கால் பாகையாவது சூடு ஏறும். இது சிறிதாகத் தெரியலாம். ஆனால் வெப்பநிலை 10 பாகை கூடினால் சுவாச வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். நீங்கள் பகல் வெயிலில் ஆய்வதால் காய் ஏற்கெனவே சூட்டோடுதான் சாக்குக்குள் போகிறது. சூடு மூச்சை விரட்ட, மூச்சு மேலும் சூட்டைக் கூட்டும். றம்பொடை வளைவுகளில் அடிக்கிற குளிர்காற்று இறுகிய சாக்கின் வெளிவரிசையோடு நின்றுவிடும், நடுவுக்கு எட்டாது.

கள்ளு வாடைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. நடுவில் கிடக்கும் காய்க்கு ஒட்சிசன் போதவில்லை என்பதற்கு அது அடையாளம். அப்போது கலம் காற்றின்றிய சுவாசத்துக்கு மாறுகிறது. கித்துள் பதநீரைப் புளிக்கவைக்கும் மதுவம் என்ற நுண்ணுயிர் செய்வதுபோல, குளுக்கோசை மதுசாரமாக்குகிறது. ஒரு குளுக்கோசுக்கு 2 ஏ.ரி.பி. மட்டுமே கிடைப்பதால், உயிரோடிருக்கத் தன் இனிப்பை அள்ளி அள்ளிச் செலவிடுகிறது. காய் சுவை கெட்டுத் தளர்வது இதனால்தான்.

தண்ணீர் தெளிப்பதை இன்றே நிறுத்துங்கள். காற்றோட்டம் இருந்தால்தான் நீர் ஆவியாகிக் குளிர்ச்சி தரும். கட்டிய சாக்குக்குள் அது காய்களின் இடைவெளியை அடைத்து, மூச்சை மேலும் திணறடித்து, அழுகலுக்கு வழிவிடும்.

காலையில் பனி உலர்ந்ததும் ஆயத் தொடங்கி, வெயில் ஏறுமுன் முடித்துவிடுங்கள். ஆய்ந்த காயை நிழலில், படங்கின் மேல் மெல்லியதாகப் பரப்பி ஆறவிடுங்கள். முறிந்த காய், பூச்சி தின்ற காய் எல்லாவற்றையும் அப்போதே பொறுக்கிவிட வேண்டும். காயம்பட்ட காய் மற்றதைவிட வேகமாகச் சுவாசிக்கும். சாக்கை விட, ஓட்டை வைத்த பிளாஸ்டிக் பெட்டி எவ்வளவோ மேல். வாங்க வசதியில்லையென்றால், வலைச் சாக்கில் குறைவாக நிரப்பி, மிதித்து அமுக்காமல் கட்டுங்கள். லொறியில் சாக்கு வரிசைகளுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விடும்படி சாரதியிடம் கேளுங்கள்.

ஐஸ் போடலாமா என்றும் நினைப்பீர்கள். போஞ்சிக்கு வேண்டாம். சுமார் 5 பாகைக்குக் கீழே நாட்கணக்கில் வைத்தால் காயின் தோலில் துருநிறப் புள்ளிகள் விழும்.

அடுத்த முறை ஏற்றுவதற்கு முன், கட்டி மூன்று மணி நேரமான ஒரு சாக்கின் நடுவில் கையை விட்டுப் பாருங்கள். வெளிப்புறத்தைவிட உள்ளே சூடாகத் தெரிந்தால், நேரமானாலும் பரவாயில்லை, அவிழ்த்துக் கொட்டி ஆறவைத்த பிறகே ஏற்றுங்கள்.