விமானி நேர்வழி கேட்டால் கன்ட்ரோலர் ஏன் மறுக்கிறார்?

கேள்வி: கல்லடிப் பாலத்தில் நின்று மேலே பார்த்தால் வெறும் வானம்தான். இவ்வளவு இடம் சும்மா கிடக்க, விமானி நேராகப் போகக் கேட்டால் தரைக் கட்டுப்பாட்டு நிலையத்துக் கன்ட்ரோலர் ஏன் மறுக்கிறார்? இதில் இரண்டு தரப்புக்கும் கொழுவல் வருமாமே?

வரும். ஆனால் பாதிக் கொழுவலுக்குக் காரணம் கணக்குப் பார்க்காமல் கேட்பது.

100 கடல்மைல் தூரத்தில் பாதை நடுவிலே 5 மைல் வெளியே வளைந்து போகிறது என்று வையுங்கள். வளைந்து போனால் மொத்தம் 100.5 மைல். நேராக வெட்டினால் மிச்சம் அரை மைல். 450 நொட் (மணிக்கு 450 கடல்மைல்) வேகத்தில் வெறும் 4 செக்கன். அதே வளைவு 20 மைல் என்றால் மிச்சம் 7.7 மைல், ஒரு நிமிடம். ஏ320 அளவு விமானத்துக்கு ஏறத்தாழ 40 கிலோ எரிபொருள். இரண்டாவதைக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. முதலாவதுக்காக நெரிசலான அலைவரிசையில் மூன்று தரம் கூப்பிட்டால் மறுபக்கத்தில் குரல் கடுக்கத்தான் செய்யும்.

இனிக் கன்ட்ரோலர் பக்கம். அம்பாறை வயல்களில் எல்லாரும் வரம்பால் நடந்தால் எந்த மூலையில் யார் யாரைச் சந்திப்பார் என்று தெரியும். ஒருவர் வயலுக்குள்ளால் குறுக்கே இறங்கினால், வழியில் எத்தனை வரம்பை எந்த நேரத்தில் வெட்டுவார் என்று புதிதாகப் பார்க்க வேண்டும். வான்பாதையும் அப்படித்தான். பாதைகள் வெட்டும் புள்ளிகள் நிலையானவை, அங்கே உயரம் பிரித்துவைப்பது பழகிய வேலை. ஒரு நேர்வழி கொடுத்தால் புதிய வெட்டுப்புள்ளிகள் பிறக்கின்றன. ராடர் இருந்தால் 5 மைல் இடைவெளி பொதுவாகப் போதும். ராடர் எட்டாத வங்கக்கடல் பக்கம் அது பல மடங்கு கூடும். கரையில் எளிதாகக் கிடைத்த நேர்வழி கடலுக்கு மேல் கிடைக்காதது அதனால்தான். கன்ட்ரோலருக்கு அந்த விமானியில் கோபம் ஒன்றும் இல்லை.

எல்லையும் ஒரு தலையிடி. கொழும்பு வான்பரப்பை இரத்மலானையில் உள்ள நிலையம் பார்க்கிறது. சுற்றிவரச் சென்னை, மாலே, ஜகார்த்தா, மெல்பேர்ண் பரப்புகள். எந்தப் புள்ளியில், எந்த உயரத்தில், எத்தனை மணிக்கு விமானத்தைக் கைமாற்றுவது என்பது முதலே பேசி முடித்த விஷயம். எல்லைக்கு அப்பால் உள்ள புள்ளிக்கு நேர்வழி கேட்டால் பக்கத்து நிலையத்தோடு தொடர்புகொண்டு எல்லாவற்றையும் திருத்த வேண்டும். வேலை நெருக்கும் நேரத்தில் அந்த ஒரு அழைப்புக்கே ஆள் இல்லை.

நம்முடைய பக்கத்துச் சிறிய விமானங்களுக்கு இன்னொன்று. மட்டக்களப்பில் இருந்து இரத்மலானைக்கு நேர்கோடு ஏறத்தாழ 120 கடல்மைல். படத்தில் கோடு இழுத்துப் பாருங்கள், நக்கிள்ஸ் மலைகளையும் கண்டியையும் ஒட்டிப் போகும். 15 மைலுக்குள் பிதுருதலாகலை, 8,281 அடி. மலைப்பகுதிக்குரிய 2,000 அடி இடைவெளியைச் சேர்த்தால் 10,300 அடி. கபின் அழுத்தம் இல்லாத செஸ்னா கரவன் போன்றதற்கு 10,000 அடிக்கு மேல் ஒட்சிசன் பிரச்சினை. முகிலுக்குள் அந்தக் கோடு குறுக்குவழி ஆகாது. செங்கலடி–பதுளை வீதியால் மலை ஏறுவதா, ஹபரணையால் சுற்றிப் போவதா என்று நாம் கதைக்கிற அதே கதை.

கேட்காமலே கிடைக்கும் நேர்வழியாலும் சிக்கல் வரும். இறங்கும்போது 1,000 அடிக்கு 3 மைல் என்பது பழக்கக் கணக்கு. நடுவழியில் 20 மைலை வெட்டிக் கொடுத்தால் விமானம் அந்த இடத்தில் இருக்க வேண்டியதைவிட 6,000 அடிக்கு மேல் உயரமாக நிற்கும். ஸ்பீட் பிரேக் (இறக்கைத் தகடுகளை உயர்த்தும் பிரேக்) இழுத்தும் சரிவராவிட்டால் விமானி ‘அனேபிள்’, அதாவது முடியாது, என்று சொல்லலாம், சொல்லவும் வேண்டும். உதவி செய்ததாக நினைக்கும் கன்ட்ரோலருக்கு அது பிடிக்காமல் போகலாம். அதற்காக வாயை மூடிக்கொண்டு ஏற்கக் கூடாது.

மிக மோசமான உதாரணம் 1995 டிசம்பர் 20, கொலம்பியாவின் காலி நகரம். காலிக்கு என்று கொடுத்த அனுமதியை நேர்வழி என்று போயிங் 757 விமானிகள் எடுத்துக்கொண்டு விமானத்தின் வழிகாட்டிக் கணினியில் போட, இடையில் இருந்த புள்ளி திரையில் இருந்து போய்விட்டது. பிறகு ரோசோ என்ற வழிகாட்டி வானொலி நிலையத்துக்கு நேராகப் போக ‘ஆர்’ எழுத்தைத் தட்டியதில் பொகோட்டா பக்கம் இருந்த ரோமியோ என்ற வேறு நிலையம் தெரிவானது. விமானம் இடப்பக்கம் திரும்பியது, கடைசியில் மலையில் மோதியது. 159 பேர் இறந்தார்கள். கணினியில் உறுதி அழுத்த முதல் புதிய கோடு எந்தப் பக்கம் போகிறது, எத்தனை மைல் என்று இரண்டு விமானிகளும் பார்ப்பது இதற்காகத்தான்.

கேட்கும் முறை: முதலில் அரை நிமிடம் அலைவரிசையைக் கேளுங்கள். புள்ளியின் பெயரைச் சொல்லி ஒரே வசனத்தில் கேளுங்கள். ‘ஸ்டாண்ட்பை’ என்றால் அனுமதியும் இல்லை, மறுப்பும் இல்லை. பாதையிலேயே இருங்கள், உடனே திரும்பக் கேட்காதீர்கள். மறுப்பு வந்தால் எந்தப் புள்ளிக்குப் பிறகு கிடைக்கும் என்று கேட்கலாம். கன்ட்ரோலரும் ‘ட்ராஃபிக்’ (வேறு விமானம் உண்டு) என்று ஒரு சொல் காரணம் சேர்த்தால் பாதிக் கொழுவல் அங்கேயே அடங்கும்.

மழைமுகிலைச் சுற்றிப் போவதை மட்டும் இதோடு கலக்காதீர்கள். சித்திரை, ஐப்பசி இடிமுகில் காலத்தில் ‘நேர்வழி தாருங்கள்’ என்று மழுப்பிக் கேட்டால் வரிசையில்தான் நிற்பீர்கள். ‘வெதர் டீவியேஷன் ரிக்வயர்ட்’ (வானிலைக்காக விலக வேண்டும்) என்று சொல்லி, வலமா இடமா, எத்தனை மைல் என்றும் சொல்லுங்கள். அந்தச் சொற்களுக்கு முன்னுரிமை உண்டு.